டெல்டாவில் சொந்தக் குதிரை: கொட்டகை போடுவதிலிருந்து அடைமழை தாண்டும் வரை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் சொந்தச் சவாரிக்காக முதல்முறை குதிரை வாங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது தேவைப்படாது.

இங்கே முக்கால்வாசிப் பேர் மாடு வளர்த்த வீட்டிலிருந்து வருகிறவர்கள். புதிதாக வாங்கியவர்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தால்தான். வைக்கோல் போடுவது, தவிடு கலக்குவது, மூங்கில் குழாயில் மருந்து ஊற்றுவது, ஈரத்தரையில் கட்டுவது என்று மாட்டுக்குச் செய்த எல்லாவற்றையும் கை தானாகச் செய்துவிடும். மாடு நாலு அறை வயிற்றை வைத்துக்கொண்டு அசைபோட்டு எதையும் சமாளிக்கும். குதிரைக்கு வயிறு ஒன்றுதான், அசைபோடாது, தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாந்தி எடுக்கவும் முடியாது. கீழே உள்ள வரிசையில் குதிரை நாலாவதாகத்தான் வருகிறது. அதை முதலாவதாக வாங்கிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அவசரத்தில் செய்ய வேண்டியிருக்கும்.

1. டாக்டரையும் லாடக்காரரையும் முதலில் பிடியுங்கள்

பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு நேரில் போய், "சார், குதிரை பார்ப்பீங்களா? மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் விடுவீங்களா?" என்று கேளுங்கள். வயிற்றுவலி வந்த குதிரையைப் பல நேரம் காப்பாற்றுவது அந்தக் குழாய்தான். நாள் முழுக்க மாடும் ஆடும் பார்க்கிற டாக்டருக்குக் குதிரை அபூர்வமாகத்தான் வரும், அதனால் அவர் தயங்கினால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த ஆள் யார் என்று அவரிடமே கேளுங்கள்.

ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும், இரவில் யார் இருப்பார்கள், எந்த வண்டியில் ஏற்றிப் போவது என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். பக்கப்பலகை உயரமாக உள்ள வண்டி வைத்திருக்கும் டிரைவர் ஒருவரின் நம்பரும் வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

அடுத்து லாடக்காரர். ஊரில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர் இருப்பார், ஆனால் அது வேறு வேலை. மாட்டுக்குப் பிளந்த குளம்பு, கயிற்றைப் போட்டுக் கீழே சாய்த்து அடிப்பார்கள். குதிரையை நிற்க வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்பைச் சமமாகச் சீவ வேண்டும். கோணலாகச் சீவிய குளம்பு கால் மூட்டையே கெடுத்துவிடும். வண்டிக்குதிரை வைத்திருப்பவர்களைக் கேட்டால் நல்ல ஆள் பெயர் கிடைக்கும். 6 வாரத்திலிருந்து 8 வாரத்துக்கு ஒருமுறை வர முடியுமா என்று பேசிக்கொள்ளுங்கள்.

2. கொட்டகை: உயரமும் வடிகாலும்

டெல்டா மண் களிமண், தண்ணீரை விடாது. கார்த்திகையில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு, அதற்கு மேலே ஒன்றரை அடியாவது உயர்த்தித் தரை போடுங்கள். கீழே கல்லும் கிராவலும், மேலே இறுக்கிய செம்மண், ஒரு பக்கமாக லேசான சரிவு. வெறும் சிமெண்ட் தரை என்றால் ரப்பர் விரிப்பு கட்டாயம், இல்லாவிட்டால் வழுக்கும், முழங்காலும் தேயும்.

குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி, மட்டக்குதிரைக்கு 10க்கு 10. இதைவிடக் குறைந்தால் படுத்த குதிரை சுவரோடு ஒட்டிக்கொண்டு எழ முடியாமல் மாட்டிக்கொள்ளும். கூரைக்குக் கீற்று நல்ல குளிர்ச்சி. தகரம் என்றால் உயரமாகப் போட்டு மேலே கீற்றைப் பரப்புங்கள். காற்று இரண்டு பக்கமும் புகுந்து போக வேண்டும், ஏனென்றால் சிறுநீர் வாடை நுரையீரலைக் கெடுக்கும்.

கொட்டகைக்குப் பக்கத்தில் தென்னை வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது தோப்புத் தோப்பாக மரம் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. வேலியில் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள், கொஞ்சம் இலை போதும் குதிரை சாக. உண்ணிச்செடியும் ஆகாது. முள்கம்பி வேலி போடாதீர்கள். மிரண்ட குதிரை அதில் பாய்ந்தால் தோல் கிழிந்து தொங்கும்.

3. தீவனம்: அதிகம் தப்பு நடக்கும் இடம்

முதலில் குதிரையின் எடை தெரிய வேண்டும். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி சென்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை உள்ள நீளத்தால் அதைப் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். சுற்றளவு 160, நீளம் 155 என்றால் சுமார் 334 கிலோ.

அந்த எடையில் நூற்றுக்கு 2 பங்கு, காய்ந்த கணக்கில், ஒரு நாள் தீவனம். 334 கிலோ குதிரைக்கு ஆறரை, ஏழு கிலோ. பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் பச்சையாக மட்டும் போட்டால் 25 கிலோவுக்கு மேல் போகும். படியில் அளக்காதீர்கள், தராசில் நிறுத்துங்கள். ஒரு படி கொள்ளும் ஒரு படி தவிடும் ஒரே எடை இல்லை.

எதைப் போடுவது? அருகம்புல் கிடைத்தால் அதுதான் முதல் தரம், ஆனால் தினம் 20 கிலோ அறுத்துத் தர ஆள் வேண்டும். நன்றாகக் காய்ந்த கடலைக்கொடி நல்லது, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் கிடைக்கும். குதிரைமசால் எனும் லூசர்ன் தீவனப்பயிர் கால்சியம் நிறைந்தது, கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல்லைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள், மாட்டுக்கு அருமையான தீவனம். அதில் உள்ள ஆக்ஸலேட் குதிரையின் உடம்புக்குக் கால்சியம் சேரவிடாமல் தடுக்கும். மாடு தன் வயிற்றிலேயே அதைப் பெருமளவு முறித்துவிடும். நேப்பியரோடு அரிசித் தவிட்டையும் சேர்த்துப் போட்டால் கேடு இரட்டிப்பாகும், ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், முகத்து எலும்பு வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். நேப்பியர் மட்டும்தான் கிடைக்கும் என்றால் பாதியோடு நிறுத்தி, மீதிக்குக் கடலைக்கொடியும் குதிரைமசாலும் போட்டு, டாக்டரைக் கேட்டுக் கால்சியக் கலவை சேருங்கள்.

வைக்கோலைப் பொறுத்தவரை, வாய்க்கு வேலை கொடுக்கும், சத்து குறைவு. அதுவே முழுச் சாப்பாடு என்றால் குதிரை மெலியும், குடலிலும் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் போடலாம். மழையில் நனைந்த கட்டுதான் பெரிய ஆபத்து. மிஷின் கட்டு வாங்கும்போது வெளியே பொன்னிறமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கட்டின் கயிற்றை அறுத்து நடுவில் கையை விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ, பிரிக்கும்போது சாம்பல் நிறத்தில் தூசி பறந்தாலோ, பழைய ஈரச்சாக்கு வாடை அடித்தாலோ அந்த லோடே வேண்டாம். அந்தப் பூஞ்சைத் தூள் நுரையீரலில் இறங்கினால் ஆயுசுக்கும் இருமல்தான்.

வரப்புப் புல் அறுக்கும் முன் வயல்காரரைக் கேளுங்கள், மருந்து எப்போது அடித்தார், குருணை மருந்து போட்டாரா என்று. போட்டிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். சூபாபுல் தழையும் வேண்டாம், தொடர்ந்து தின்றால் பிடரியும் வால்முடியும் கொட்டும்.

கொள்ளு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை, இரவே ஊறவைத்தோ வேகவைத்தோ. தினமும் சவாரி போகாத குதிரைக்கு அதுவும் தேவையில்லை. கோழித்தீவனத்தை மட்டும் கொட்டகைப் பக்கமே வைக்காதீர்கள். அதில் கோழிக்காகக் கலக்கும் மொனென்சின் போன்ற மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். மாட்டுத் தீவன மூட்டையிலும் என்னென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, மாட்டுப் பொங்கல் அன்று தெருவே வந்து சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டும். பாசம்தான், வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஒரே நேரத்தில் அவ்வளவு மாவுச்சத்து உள்ளே போனால் வயிற்றுவலி வரும், இல்லையென்றால் குளம்புக்குள் வீக்கம் வந்து கால் ஊன்ற முடியாமல் நின்றுவிடும். கொட்டகை வாசலில் ஓர் ஆளை நிறுத்துங்கள், ஒரு பழத்தோடு சரி.

தண்ணீர் ஒரு நாளைக்கு 25இலிருந்து 45 லிட்டர், சித்திரை வெயிலில் இன்னும் கூடும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். குதிரை குறைவாகக் குடித்தால் அது வயிற்றுவலியில்தான் போய் முடியும். நாலு நாள் வாளியால் அளந்து ஊற்றிப் பாருங்கள், எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

4. இப்போது குதிரை வாங்கலாம்

நம் பக்கத்து ஆட்கள் பலர் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் வாங்குகிறார்கள். வாங்கலாம், ஆனால் ஆடி முடிந்து ஐப்பசி அடைமழை தொடங்க இடையில் இரண்டு மாதம்தான். குதிரையும் நீங்களும் பழகுவதற்குள் சேறு வந்துவிடும். என்னைக் கேட்டால் தை கடைசியிலோ மாசியிலோ வாங்குவது நல்லது. சம்பா அறுப்பு முடிந்து புது வைக்கோல் வந்திருக்கும், தரையும் காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

விற்கிறவர் சுழியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். பேசட்டும், நீங்கள் காலைப் பாருங்கள். நாலு காலையும் மேலிருந்து கீழே தடவி, சூடு, வீக்கம், வலித்து இழுப்பது இருக்கிறதா என்று கவனியுங்கள். கெட்டியான தரையில் நேராக ஓட வைத்தால், முன்னங்கால் வலிக்கிற குதிரை அந்தக் கால் ஊன்றும்போது தலையைத் தூக்கும். வாய் திறந்து பல் பாருங்கள். 5 வயதில் முன்பற்கள் எல்லாம் நிலைப்பல் ஆகியிருக்கும்.

நீங்கள் போவதற்கு முன் சேணம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கொட்டகையில் நின்ற குதிரையைப் பிடிப்பது, முகக்கயிறு போடுவது, சேணம் கட்டுவது எல்லாம் உங்கள் கண்முன் நடக்கட்டும். காலையிலேயே ஓட்டிக் களைப்பாக்கி நிறுத்திய குதிரை எதுவும் சாதுவாகத்தான் தெரியும்.

புதியவருக்கு 7 வயதுக்கு மேல், பழகிய, காயடித்த குதிரையோ அடக்கமான பெட்டையோ போதும். கன்னுக்குட்டியிலிருந்து வளர்ப்பது மாட்டுக்கு ஆகும், குதிரைக்கு ஆகாது. பழகாத ஆளும் பழகாத குட்டியும் சேர்ந்தால் யாருக்காவது எலும்பு முறியும்.

உங்கள் எடையும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 334 கிலோ குதிரைக்கு 66 கிலோ. 80 கிலோ ஆள் 220 கிலோ மட்டக்குதிரையில் ஏறி ஊர்வலம் வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதன் முதுகை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

பணம் கொடுக்கும் முன் கிளாண்டர்ஸ் இரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிட வேண்டும். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனை செய்யும் இடம், மாதிரி அனுப்ப உங்கள் டாக்டர் வழி சொல்வார்.

5. முதல் மூன்று வாரம்

வேறு குதிரை, கழுதை இருந்தால் புதியதைத் தனியாகக் கட்டுங்கள். வாளி, தூரிகை எல்லாம் தனி. நோய் உள்ளே இருந்தால் இந்த நாட்களில் வெளியே தெரியும்.

பழைய இடத்தில் தின்ற தீவனத்தில் பத்து நாளைக்கு ஆகும் அளவை விற்றவரிடமே வாங்கி வாருங்கள். அதில் தினம் கொஞ்சம் குறைத்து உங்கள் தீவனத்தைக் கூட்டுங்கள். குடலில் செரிமானம் செய்யும் நுண்ணுயிர்கள் மாறுவதற்கு நாள் வேண்டும்.

தடுப்பூசிக் கணக்கு தெரியாவிட்டால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரணஜன்னி எனும் டெட்டனஸ் குதிரையை மிகச் சுலபமாகப் பிடிக்கும், லாட ஆணி குத்திய சின்ன ஓட்டை போதும். நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். வெறிநாய்க்கடி ஊசியும் போடுங்கள். குடற்பூச்சி மருந்தை லத்தியை, அதாவது சாணத்தை, பரிசோதித்துவிட்டுக் கொடுப்பதே சரி.

இந்த மூன்று வாரமும் தினம் காலையில் ஒரு நோட்டில் வெப்பம், மூச்சு, நாடி எழுதுங்கள். ஓய்வில் 99இலிருந்து 101 டிகிரி ஃபாரன்ஹீட், நிமிடத்துக்கு மூச்சு 8இலிருந்து 16, நாடி 28இலிருந்து 44 வரை சரி. வெயில் ஏறிய பிறகு எடுத்தால் கூடித்தான் காட்டும். உங்கள் குதிரைக்கு எது சாதாரணம் என்று தெரியாமல் எது கோளாறு என்று கண்டுபிடிக்க முடியாது.

6. தினசரி வேலை

குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். மாட்டுக்குக் காலை மாலை போடுவதுபோல் இரண்டு வேளை போட்டுவிட்டுப் போனால் வயிறு புண்ணாகும். நாலைந்து வேளையாகப் பிரியுங்கள், கடைசிக் கட்டு இரவு 9, 10 மணிக்கு. மணற்பாங்கான ஊரில் தரையில் போடாமல் தொட்டியில் போடுங்கள், புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தேங்கும்.

காலையில் போனதும் லத்தியைப் பாருங்கள். எத்தனை இடத்தில் போட்டிருக்கிறது, உருண்டையாக ஈரப்பதத்தோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அள்ள வேண்டும். கொட்டகை கூட்டும் ஆளிடம் இதைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வரும்முன் சுத்தமாக அள்ளியிருப்பார். அப்புறம் உடம்பைத் தேய்த்துவிடுங்கள், சேணம் உட்காரும் இடத்தையும் வார் கட்டும் இடத்தையும் வெறும் கையால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

7. குளம்பு

தினம் இரண்டு வேளை, சவாரிக்கு முன்னும் பின்னும், நாலு குளம்பையும் கொக்கியால் சுத்தம் செய்ய வேண்டும். குதிகாலிலிருந்து விரல் பக்கமாகக் கொக்கியை இழுங்கள். நடுவில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு பகுதி இருக்கும், அதன் இரு பக்கப் பள்ளங்களில்தான் களிமண் அப்பிக்கொள்ளும். அங்கே கறுப்பாகக் கசிந்து அழுகின வாடை அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. காய்ந்த தரையும் சுத்தமும்தான் முதல் வைத்தியம், மருந்து அதற்குப் பிறகு.

நாலு குளம்பையும் தொட்டுப் பார்க்கும்போது வழக்கத்தைவிடச் சூடாக இருந்து, குதிரை முன்னங்காலை முன்னால் நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றால் நடக்கவே வைக்காதீர்கள். அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

8. சவாரி

கோடையில் காலை 7 மணிக்குள் திரும்பிவிடுங்கள், மாலை என்றால் 5க்குப் பிறகு. நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம், வியர்வை காயாது, உடம்பு குளிராது. மூச்சு வாங்குகிறது, தோல் மட்டும் காய்ந்து கிடக்கிறது என்றால் வியர்ப்பதே நின்றுவிட்டது. இறங்கி நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடான குதிரைக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும், குடிக்கக் கொடுத்தால் ஆகாது என்று சொல்வார்கள், இரண்டும் தப்பு. வியர்வையில் போன உப்புக்குத் தீவனத்தில் கல்லுப்பு 20, 30 கிராம் சேருங்கள்.

எங்கே ஓட்டுவது? ஆற்றுப் படுகை, வாய்க்கால் கரைச்சாலை, வண்டிப்பாதை. வரப்பில் ஓட்டாதீர்கள், நண்டு வளையில் கால் இறங்கினால் முறிவுதான். சம்பா அறுத்த வயல் வெறுமையாகத் தெரியும், ஆனால் அதில் உளுந்தோ பயறோ முளைத்துக்கொண்டிருக்கும், குதிரை விட்டால் பஞ்சாயத்து வைப்பார்கள், வைப்பதும் நியாயம். பங்குனிக்கு மேல் களி வெடித்துக் கிடக்கும் வயலில் ஓட்டவே கூடாது.

முதல் 10 நிமிடமும் கடைசி 10 நிமிடமும் நடை மட்டும். முள் வைத்த கடிவாளத்தைச் சேணக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள், விலங்கு வதைத் தடுப்புக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே அதற்குத் தடை. வாயில் புண் ஆன குதிரை இன்னும் அடங்காமல்தான் போகும்.

9. மழைக்காலம்

புரட்டாசிக்குள் குறைந்தது ஒரு மாதத் தீவனம் உயரமான பரண்மேல் ஏறிவிட வேண்டும். மழை பிடித்துவிட்டால் காய்ந்த கட்டு எந்த விலைக்கும் கிடைக்காது. தினம் சில மணி நேரமாவது நாலு குளம்பும் காய்ந்த தரையில் நிற்க வேண்டும், அதற்காகத்தான் முதலிலேயே தரையை உயர்த்தச் சொன்னேன். சவாரி இல்லாத நாட்களில் கொள்ளுத் தீவனத்தைக் குறைத்துவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே மேடான, மரமில்லாத, கெட்டிக் கட்டடத்துக்கு மாற்றுங்கள், கல்யாண மண்டபத்துக் கார் ஷெட்டானாலும் சரி. இடம் கிடைக்கவில்லை என்றால் தகரக் கொட்டகையில் கட்டி வைப்பதைவிட வேலி போட்ட மேட்டுத் திடலில் அவிழ்த்து விடுவது மேல். முகக்கயிற்றில் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதிக் கட்டுங்கள்.

மழை விட்ட பிறகு ஈ பெருகும். கடிக்கும் பெரிய ஈக்கள் சர்ரா நோயைப் பரப்பும். விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும், நன்றாகத் தின்றும் மெலியும், வயிற்றுக்கு அடியிலும் காலிலும் நீர் கோக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும், மருந்தும் உண்டு. சும்மா காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் குதிரை கையை விட்டுப் போகும்.

10. வயிற்றுவலி

முன்னங்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், படுத்து எழும், உருளும், லத்தி போடாது. இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் போன் செய்யுங்கள், காலையில் பார்க்கலாம் என்று படுக்கப் போகாதீர்கள்.

தீவனத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். மெதுவாக நடக்க வைக்கலாம், மணிக்கணக்கில் இழுத்தடிக்க வேண்டாம். வன்மையாக உருளும்போது பக்கத்தில் போகாதீர்கள், உங்களை நசுக்கிவிடும்.

யாராவது நல்லெண்ணெய், ஓமத்தண்ணீர் என்று குழாயோடு வருவார்கள். மாட்டுக்கு ஊற்றி ஊற்றிப் பழகியவர்கள், உதவத்தான் வருகிறார்கள். வாய்வழியாக ஊற்றவே விடாதீர்கள். குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் வயிற்றுவலி தீர்ந்தாலும் நிமோனியா கொன்றுவிடும். எண்ணெய் கொடுப்பதாக இருந்தால் டாக்டர் மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பார்.

போனில் டாக்டருக்குச் சொல்ல வேண்டியது: எப்போது தொடங்கியது, கடைசியாக லத்தி எப்போது, நிமிடத்துக்கு நாடி எத்தனை, ஈறு என்ன நிறம், இன்று புதிதாக என்ன தின்றது. நாடி 60ஐத் தாண்டிவிட்டால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அதோடு அந்த வண்டி டிரைவரையும் கூப்பிட்டுத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.